வெளி அலாய் வீல் போட்டபின் வரும் தொல்லைகள்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு வெளி அலாய் போட்ட செடான் ஏதாவது தகராறோடு ஷெட்டுக்கு வந்தால், ஓனர் கையோடு ஒரு தீர்ப்பையும் கொண்டுவந்துவிடுவார்: "டயர்தான் சார் டிஃபெக்ட்." உண்மையில் டயரில் குறை இருப்பது அபூர்வம். வீல் ஹப்பில் (வீலை மாட்டும் அச்சு முனையில்) உட்காரும் இடம், போல்ட்டின் தலை, வாங்கும்போது யாரும் படிக்காமல் விட்ட ஓர் எண், இந்த மூன்றில் ஒன்றில்தான் தொல்லை இருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும் பர்ஸைத் திறக்க வைக்கிற வேலையைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். வரிசையைத் தாண்டாதீர்கள். புது டயர் வாங்கிப் போட்ட பிறகும் நடுக்கம் அப்படியே இருந்தால், அந்தக் காசை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

உதாரணத்துக்கு ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், ஃபோக்ஸ்வாகன் விர்ட்டுஸ் ஜிடி ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன். மற்ற வண்டிகளுக்கு எண்கள் மாறும், சோதனை மாறாது.

## தொடங்கும் முன்: வீலின் முதுகைப் படியுங்கள்

வீலைக் கழற்றித் திருப்பினால் பின்பக்கம் எழுத்துகள் வார்த்திருக்கும். விட்டம், அகலம், ஆஃப்செட் (வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பைத் தொடும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது), பிசிடி (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), தாங்கும் எடை. போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடு ஓட்டையின் அளவு பல வீல்களில் இருக்காது, அதை வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள்.

வண்டிப் பக்கத்து எண்கள் இவை. ஆக்டேவியாவுக்கு 5×112 (ஐந்து ஓட்டை, பிசிடி 112 மி.மீ.), ஹப் 57.1 மி.மீ., எம்14×1.5 போல்ட் (14 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.5 மி.மீ.). விர்ட்டுஸ், ஸ்கோடா ஸ்லாவியா இரண்டுக்கும் 5×100, ஹப் அதே 57.1. பிஎம்டபிள்யூவில் பழைய தலைமுறை 3 சீரிஸான எஃப்30 என்றால் 5×120, ஹப் 72.6. அடுத்து வந்த ஜி20-இல் அது 5×112, 66.6 ஆகிவிட்டது. அதனால் பழைய 3 சீரிஸ் வீல் புதியதில் ஏறாது. ஆனால் ஜி20 வீல் ஆக்டேவியாவில் ஏறும்! ஐந்து ஓட்டையும் பொருந்தும், போல்ட்டும் முறுகும், நடுவில் மட்டும் கிட்டத்தட்ட 10 மி.மீ. தொளதொளவென்று இருக்கும். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் விலை படிந்தது என்று வாங்கிய செட் பலவற்றின் கதை இதுதான்.

இன்னொன்று. ஒரு வீல் தாங்கும் எடை அதில் கிலோவில் எழுதியிருக்க வேண்டும். வண்டியின் பிளேட்டில் ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் அதிகபட்ச எடை இருக்கும். அதில் பாதியைவிட வீலின் எண் கூடுதலாக இருக்க வேண்டும். எடையும் இல்லை, ஜேடபிள்யூஎல், விஐஏ மாதிரி எந்தத் தரச் சோதனை முத்திரையும் இல்லை என்றால், 200 தொடக்கூடிய வண்டியில் அந்த வீலைப் போட நான் சம்மதிப்பதில்லை. அதோடு வாக்குவாதம் முடிந்தது.

## அறிகுறி: 80 முதல் 120 வேகத்தில் நடுங்குகிறது

அதிகம் வருகிற புகார் இது. முதலில் எந்த மாதிரி நடுக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பாருங்கள். ஏர் கன் வைத்துக் கண்டபடி இறுக்கிய வீலாலும் இது வரும். எல்லா போல்ட்டையும் தளர்த்தி, டார்க் ரெஞ்சால் (குறித்த அளவு இறுக்கத்தைக் காட்டும் ஸ்பேனர்) திரும்ப இறுக்கி ஓட்டிப் பாருங்கள். அப்படியே இருந்தால் பிரேக் மெக்கானிக்.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வந்து, காலை எடுத்தால் நின்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட். வீலில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், நேரே மெக்கானிக்கிடம் போங்கள்.

காலையில் முதல் 10, 15 கிலோமீட்டர் மட்டும் இருந்து, பிறகு மறைந்தால் நின்ற இடத்தில் டயர் தட்டையாகியிருக்கிறது. பல நாள் எடுக்காமல் நிற்கும் வண்டியில் இது சகஜம். காற்றைச் சரியாக வைத்து, வாரம் ஒருமுறை வண்டியை எடுங்கள்.

குறிப்பிட்ட வேகத்தில் ஆரம்பித்து, காலை எடுத்தாலும் தொடர்ந்தால் கீழே உள்ளதெல்லாம் உங்களுக்குத்தான். ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் வீல்கள், சீட்டில் தெரிந்தால் பின் வீல்கள்.

முதலில் வீலின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் மெட்ரோ வேலை நடக்கும் ரோடுகளில் ஓடிய வண்டிகளில் ஒரு கைப்பிடி சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்தாலே பாதி வண்டி சரியாகிவிடும். பேலன்சிங் வெயிட் ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் மிஞ்சியிருந்தால் வெயிட் விழுந்துவிட்டது. பிரஷர் வாட்டர் அடிக்கும் சர்வீஸுக்குப் பிறகு இது நடக்கும்.

அடுத்து, வீலைக் கழற்றி ஹப்பின் முகத்தைப் பாருங்கள். துரு, மணல், பழைய பெயின்ட் ஏதாவது இருந்தால் வயர் பிரஷால் தேய்த்து உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். வீலின் முதுகில் ஹப்பைத் தொடும் பகுதியையும் அப்படியே. புதிதாகப் பவுடர் கோட்டிங் செய்த வீல் என்றால் அங்கே பெயின்ட் கெட்டியாக நிற்கும், அதையும் எடுத்துவிட வேண்டும். ஆக்டேவியாவில் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவின் தலை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வீல் சாய்வாகத்தான் உட்காரும்.

இப்போது ஹப் ரிங். வெளி வீல்கள் பல வண்டிகளுக்குப் பொருந்தட்டும் என்று நடு ஓட்டையை 73.1, 66.6 என்று பெரிதாகவே விடுவார்கள். அந்த இடைவெளியை நிரப்பும் வளையம்தான் ரிங். ஆக்டேவியாவுக்கு வெளியே 73.1, உள்ளே 57.1. சோதனை எளிது. ரிங்கை ஹப்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெல்ல வழுக்கி ஏற வேண்டும். பிறகு போல்ட் போடாமல் வீலை அதன்மேல் மாட்டி, டயரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். 'டொக்' என்று ஒரு சின்ன அசைவு கையில் தெரிந்தாலும் அளவு தப்பு. பிளாஸ்டிக் ரிங் என்றால் ஓரம் உருகி இளகியிருக்கிறதா என்று பாருங்கள். மலை இறக்கத்தில் பிரேக் சூட்டில் அது பாயசமாகிவிடும். பழைய ரிங் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதியதை வைத்து அடித்த வண்டியும் வருகிறது. சரியான அளவு கடையில் கிடைக்கவில்லை என்றால், கிண்டியிலோ அம்பத்தூரிலோ லேத் போடுகிறவரிடம் வெர்னியர் அளவைக் கொடுத்தால் அலுமினியத்தில் கடைந்து கொடுத்துவிடுவார். நாலு டயர் விலையோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை.

மாட்டும் முறையும் முக்கியம். வீல் தரையைத் தொடாமல் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் கையால் முறுக்கி, எதிரெதிராக நட்சத்திர வரிசையில் லேசாக இறுக்குங்கள். பிறகுதான் ஜாக்கியை இறக்கி முழு டார்க். ஆக்டேவியாவுக்கு 120 நியூட்டன் மீட்டர், எஃப்30, ஜி20 இரண்டுக்கும் 140. ஓடி 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை திரும்பச் சரிபார்க்க வேண்டும். "கன்லேயே டைட் வெச்சாச்சு சார்" என்பது டார்க் அளவு ஆகாது.

இவ்வளவும் செய்து நடுக்கம் நிற்காவிட்டால் பேலன்சிங். கூட நின்று பாருங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். மெஷினில் அளவு வந்தபின், வீலைக் கழற்றி அரைச் சுற்று திருப்பி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். பழைய எண்ணே வந்தால் மெஷினில் உட்கார்ந்தது சரி. 20, 30 கிராம் மாறினால் வீலை நடுவில் பிடிக்கும் கோன் பொருந்தவில்லை, அந்த மெஷினில் எத்தனை முறை செய்தாலும் பயனில்லை. ஒரே வீலுக்கு 100 கிராமுக்குமேல் கேட்டால் வெயிட்டை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பிப் போட்டால் பெரும்பாலும் பாதியாகக் குறையும். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேரே வரட்டும்.

கடைசியாக வளைவு. மெஷினில் சுற்றும்போது ரிம்மின் உள் ஓரத்தைப் பாருங்கள், வெளி ஓரத்தை அல்ல. பள்ளம் அடிப்பது உள் ஓரத்தைத்தான். ஒரு பேனாவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, முனை ரிம்மை ஒட்டி நிற்கும்படி வைத்தால் இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் அலாய் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோங்கள். உள் ஓரத்தில் லேசான வளைவை நிமிர்த்தலாம். விரிசல் இருந்தாலோ, வளைவு ஸ்போக் வரை போயிருந்தாலோ வெல்டிங் வேண்டாம், அந்த வீலை ஒதுக்கிவிடுங்கள்.

ரிம் நேராக இருக்கிறது, பேலன்ஸ் பூஜ்யம், ரிங் சரி, அப்படியும் நடுங்குகிறது என்றால்தான் டயரைச் சந்தேகப்பட வேண்டும். ரோடு ஃபோர்ஸ் மெஷின் (டயரை உருளையால் அழுத்திச் சுழற்றிச் சோதிப்பது) வைத்திருக்கும் கடையைத் தேடிப் போங்கள். எந்த டயர் என்று அங்கே தெரிந்துவிடும், வாரண்டி கேட்க அந்த அளவுச் சீட்டும் உதவும்.

## அறிகுறி: மெதுவாகப் போகும்போது டக் டக் என்று சத்தம், வேகத்தோடு கூடுகிறது

இதற்கு மட்டும் வரிசை கிடையாது. வண்டியை ஓரம் கட்டுங்கள்.

போல்ட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றினால் அது தளர்ந்திருக்கிறது. அங்கேயே இறுக்கி, மெதுவாக அருகிலுள்ள கடைவரை மட்டும் ஓட்டலாம். ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தாலோ, போல்ட் மரை தேய்ந்திருந்தாலோ ஓட்டவே கூடாது, டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஏன் தளர்ந்தது என்று தெரியாமல் விட்டால் அடுத்த வாரமும் தளரும். போல்ட் தலைக்குக் கீழே உள்ள வடிவத்தைப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கம்பெனி போல்ட்டுக்கு அது உருண்டை. வெளி அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்புக் குழி. உருண்டைத் தலையைக் கூம்புக் குழியில் வைத்தால் தலைமுடி அளவு ஒரு கோட்டில்தான் தொடும். அன்றைக்கு இறுகும், சூடு ஏறி இறங்கியதும் விட்டுக்கொடுத்துவிடும். கழற்றிய போல்ட்டைப் பார்த்தாலே தெரியும்: நன்றாக உட்கார்ந்ததில் பட்டையாக ஒரு பளபளப்பு வளையம் இருக்கும், தப்பாக உட்கார்ந்ததில் மெல்லிய கீறல் மட்டும். ஹோண்டா சிவிக்கிலும் கம்பெனி நட் உருண்டைதான், அங்கேயும் இதே கதை. மெர்சிடிஸ் போல்ட்டும் உருண்டைதான், ஆனால் அதன் வளைவு ஃபோக்ஸ்வாகனுடையது அல்ல. எடுத்து மாற்றிப் போடாதீர்கள்.

நீளமும் பாருங்கள். எம்14×1.5 போல்ட் குறைந்தது ஏழரைச் சுற்று உள்ளே போக வேண்டும், பிஎம்டபிள்யூவின் எம்14×1.25 ஒன்பது சுற்று. ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தடித் தகடு) போட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். 10 மி.மீ. ஸ்பேசர் போட்டால் போல்ட்டும் 10 மி.மீ. நீளமாக வேண்டும்.

போல்ட்டெல்லாம் உறுதியாக இருந்தும் சத்தம் வந்தால், ரிம்மின் உள்ளே ஒட்டிய வெயிட் பிரேக் கேலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) உரசுகிறதா என்று பாருங்கள். வெயிட்டின் மேல் பளபளவென்று கோடு விழுந்திருக்கும். அடுத்த முறை வீல் வாங்கும் முன், பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒரு உருண்டை எடுத்துக் கேலிப்பரில் ஒட்டி, வீலை மாட்டிக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். கழற்றிப் பார்க்கும்போது நசுங்கிய களிமண்ணின் தடிமன் 3 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அந்த வீல் வேண்டாம்.

அப்புறம், கம்பெனி போல்ட் செட்டை டிக்கியில் ஒரு பையில் போட்டு வையுங்கள். ஸ்டெப்னி பழைய இரும்பு வீல் என்றால் அதற்குப் பழைய போல்ட்தான் பொருந்தும். இது நடுராத்திரியில் திண்டிவனம் தாண்டி ஞாபகம் வந்து பயனில்லை.

## அறிகுறி: திருப்பும்போதோ பள்ளத்திலோ உரசுகிறது

எப்போது உரசுகிறது என்பதே பாதி விடை.

முழுக்கத் திருப்பும்போது, காலி வண்டியில்: வீல் ஆர்ச்சின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரைப் பாருங்கள். கிளிப் கழன்று தொங்கினால் மாற்றினால் போதும். லைனர் சரியாக இருந்து, டயரின் உள்சுவர் சஸ்பென்ஷன் பக்கம் உரசினால் ஆஃப்செட் அதிகம்.

பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால், ஸ்பீடு பிரேக்கரில்: ஃபெண்டரின் உள் ஓரம். ஆஃப்செட் குறைவு, அல்லது டயர் அகலம் அதிகம். கடையில் வண்டி காலியாக நிற்கும்போது எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அதனால் நான் டிரையல் போடும்போது டிக்கியில் இரண்டு அரிசி மூட்டையாவது வைக்கச் சொல்வேன்.

மேட்டில் இறங்கி அமுங்கும்போது: ஸ்பிரிங் இளைத்திருக்கிறது, அல்லது யாரோ தாழ்த்தியிருக்கிறார்கள்.

கணக்கு ஒன்று மட்டும் கற்றுக்கொண்டால் கடைக்காரர் சொல்லை நம்ப வேண்டியதில்லை. விஆர்எஸ்ஸின் 18 இன்ச் கம்பெனி வீல் 7.5ஜே, இடி51, அதாவது அகலம் 7.5 இன்ச், ஆஃப்செட் 51 மி.மீ. அதற்குப் பதிலாக 8ஜே, இடி45 போடுகிறீர்கள். அகலம் அரை இன்ச் கூடியது, அதில் பாதி, அதாவது 6.35 மி.மீ., ஒவ்வொரு பக்கமும். ஆஃப்செட் 6 குறைந்தது, அதனால் வீல் மொத்தமும் 6 மி.மீ. வெளியே நகரும். ஆக, வெளி ஓரம் 12.35 மி.மீ. வெளியே வந்துவிட்டது, உள் ஓரம் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே. சுண்டுவிரல் அகலம் வெளியே தள்ளினால் காலி வண்டிக்கு ஒன்றும் ஆகாது, குடும்பத்தோடு திருப்பதி போகும்போது உரசும்.

சரி செய்யும் வரிசை: முதலில் லைனர் கிளிப், அப்புறம் டயர் அகலத்தை 235 மி.மீ.இலிருந்து 225-க்குக் குறைப்பது, கடைசியில் வீலையே மாற்றுவது. ஃபெண்டர் ஓரத்தை உருட்டி மடிக்கும் வேலையைத் தெரிந்த டிங்கர் மட்டுமே செய்ய வேண்டும். பெயின்ட் வெடித்தால் கடற்கரை ஊர்களில் அங்கே துரு நிச்சயம்.

உரசிய டயரை அப்படியே விடாதீர்கள். பக்கச்சுவரில் நூல் தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

## அறிகுறி: ஒரு பக்கம் இழுக்கிறது

நம் ரோடுகள் இடது ஓரத்துக்குச் சாய்ந்திருக்கும். கையை விட்டால் வண்டி மெதுவாக இடப்பக்கம் போவது கோளாறு இல்லை. வலது பக்கம் இழுத்தாலோ, இடப்பக்கம் வெடுக்கென்று போனாலோ தொடர்ந்து படியுங்கள்.

காற்றைக் காலையில், ஓட்டும் முன் பாருங்கள். இரு பக்கமும் ஒரே அளவா? பிறகு முன் இரண்டு வீல்களை இடவலம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் காரணம். மாறாவிட்டால் அலைன்மென்ட். அம்புக்குறி போட்ட, ஒரே திசையில் மட்டும் ஓடும் டயர் என்றால் இப்படி மாற்ற முடியாது, முன்னும் பின்னும் மாற்றிப் பாருங்கள். சில டயரில் வெளிப்பக்கம் எது என்று எழுதியிருக்கும். அது உள்ளே போயிருந்தால் கடைக்காரர் திருப்பிப் போட்டுத் தர வேண்டும், அதற்குத் தனிக் கூலி கேட்டால் கொடுக்காதீர்கள்.

ரோட்டில் கோடு விழுந்த இடத்தில் மட்டும் ஸ்டியரிங் இங்குமங்கும் இழுத்தால் அது இழுப்பே இல்லை. அகலமான டயர் போட்டால் அப்படித்தான், பழகிக்கொள்ள வேண்டும்.

## அறிகுறி: உள் ஓரம் மட்டும் தேய்கிறது

வெளியே நின்று பார்த்தால் டயர் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே கம்பி தெரியும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, முன் டயரின் உள் ஓரத்தைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பின் டயருக்குக் கீழே குனிந்து டார்ச் அடிக்க வேண்டும்.

காரணம் பெரும்பாலும் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் வீல்களின் முன் ஓரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம். நாலு வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். முன்னால் மட்டும் பார்த்து அனுப்பும் கடை விஆர்எஸ்ஸுக்கும் 3 சீரிஸுக்கும் போதாது, இரண்டிலும் பின் வீலுக்கும் செட்டிங் உண்டு. அச்சிட்ட சீட்டை, முன்னது பின்னது இரண்டும், கேட்டு வாங்குங்கள். சிவப்பு எண் பச்சைக்கு வராமலே "ஓகே சார்" என்றால், புஷ் அல்லது ஆர்ம் போயிருக்கிறது. அது சஸ்பென்ஷன் மெக்கானிக் வேலை.

## அறிகுறி: காற்று குறைந்துகொண்டே போகிறது

மாதம் ஒன்று, இரண்டு பிஎஸ்ஐ குறைவது இயல்பு. வாரம் ஐந்து குறைந்தால் சோப்புத் தண்ணீர் எடுங்கள்.

வால்வின் வாயிலும் அடியிலும், பிறகு ரிம்மும் டயரும் சேரும் இரு வட்டத்திலும், அப்புறம் தரையைத் தொடும் டிரெட்டில். கடைசியாக ரிம்மின் உள் உருளை முழுக்க. இந்தக் கடைசியைத்தான் பஞ்சர் கடையில் விட்டுவிடுவார்கள். பள்ளத்தில் அடித்த அலாயில் முடி போன்ற விரிசல் அங்கேதான் இருக்கும், பக்கச்சுவரில் ஒன்றும் தெரியாது. ரிம் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து டயரை மறுபடி ஏற்றினால் நின்றுவிடும். விரிசல் என்றால் வீல் போச்சு.

பக்கச்சுவரில் கட்டி மாதிரி புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. ஒட்டு, ஸ்ட்ரிப் எதுவும் உதவாது. நெடுஞ்சாலையில் ஏற்றாதீர்கள்.

வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. காற்று குறைந்த டயர்தான் அதிகம் சூடாகும். 40 சீரிஸ் டயரில் (பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 40 சதவீதம்தான்) குறைத்தால் அடுத்த பள்ளத்தில் ரிம்மே அடி வாங்கும். கூடுதல் எடை தாங்கும் எக்ஸ்ட்ரா லோடு டயர் என்றால் சாதா டயரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வைக்க வேண்டும். பிஎம்டபிள்யூவில் ரன் ஃப்ளாட்டை (காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) எடுத்துவிட்டுச் சாதா டயர் போட்டவர்கள் கம்ப்ரஸரும் பஞ்சர் கிட்டும் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது.

## அறிகுறி: டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது

டயர் பிரஷர் விளக்கு மட்டும் என்றால்: ஆக்டேவியாவில் தனி சென்சார் இல்லை, ஏபிஎஸ் மூலம் வீல் சுற்றும் வேகத்தை வைத்தே கண்டுபிடிக்கிறது. காற்றைச் சரிசெய்து, மெனுவில் ரீசெட் செய்யுங்கள். வீலுக்குள் சென்சார் உள்ள வண்டி என்றால், பழைய வீலில் இருந்ததைப் புதியதுக்கு மாற்றினார்களா என்று கேளுங்கள். பழைய வீலை விற்கும்போது சென்சாரோடு விற்றுவிட்டவர்கள் உண்டு.

ஏபிஎஸ், டிராக்‌ஷன் விளக்குகளும் சேர்ந்து எரிந்தால் முன் பின் டயர் விட்டத்தைக் கணக்குப் போடுங்கள். 225/45 ஆர்18-க்கு விட்டம் 659.7 மி.மீ., 255/40 ஆர்18-க்கு 661.2. இந்த ஜோடி பொருந்தும். பின்னால் 255/45 போட்டால் 686.7 ஆகிவிடும், கம்ப்யூட்டர் குழம்பத்தான் செய்யும். எம்340ஐ எக்ஸ்டிரைவ் போன்ற நாலு வீல் டிரைவ் வண்டியில் இது விளக்கோடு நிற்காது, முன் பின் வீல்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தின்றுவிடும். அதில் ஒரு டயர் மட்டும் புதிதாக மாற்றுவதுகூட வேண்டாம். விட்டம் சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள்.

## அறிகுறி: வூம் என்று இரைச்சல்

உள்ளங்கையால் டிரெட்டை முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழ, மறு திசையில் ரம்பம் மாதிரி குத்தினால் டயர் தேய்ந்த விதம் அது. அலைன்மென்ட் பார்த்து, வீலை இடம் மாற்றுங்கள், முழுக்கப் போகாது. டயர் சமமாக இருந்தால், காலி ரோட்டில் 60-இல் மெதுவாக இடவலம் வளைத்து ஓட்டுங்கள். இடப்பக்கம் திருப்பும்போது இரைச்சல் கூடினால் வலது பக்கத்து பேரிங். அது மெக்கானிக் வேலை, தள்ளிப்போடாதீர்கள்.

## அறிகுறி: பார்க்க அழகு, ஓட்ட மந்தம்

புது வீலை வீட்டு எடை மெஷினில் நிறுத்திப் பாருங்கள், பழையதையும். ஒரு வீலுக்கு இரண்டு, மூன்று கிலோ கூடியிருந்தால் விடை அதுதான், இன்ஜினில் தேட வேண்டாம். டயர் பெரிதானாலும் இப்படி ஆகும். விர்ட்டுஸ் ஜிடியின் 205/55 ஆர்16-க்கு விட்டம் 631.9 மி.மீ. அதற்கு 215/50 ஆர்17 போட்டால் 646.8. மீட்டரில் 100 காட்டும்போது பழையதைவிட 2.4 சதவீதம் கூடுதலாக ஓடுவீர்கள், கியர் நீண்ட மாதிரி இருக்கும். 225/45 ஆர்17 என்றால் 634.3, வித்தியாசமே தெரியாது.

## அறிகுறி: ஒரு டயர் வெடித்தது, அதே சைஸ் ஊரில் இல்லை

இதுவும் கோளாறுதான், வாங்கிய அன்றே தொடங்கிய கோளாறு. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு அரசு லைசென்ஸ் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, அரிதான சைஸ்களுக்கும் வெளிநாட்டு மாடல்களுக்கும் தட்டுப்பாடு வந்து போகிறது. 225/40 ஆர்18 போன்ற புழங்கும் சைஸ் தேடினால் கிடைக்கும். 235/35 ஆர்19 என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம், அதுவரை வண்டி ஜாக்கியில்.

முதலில், அதே ஆக்ஸிலில் இருக்கும் இன்னொரு டயரின் டிரெட் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் ஒன்றைத் தேடி அலைய வேண்டாம், கிடைக்கும் மாடலில் ஜோடியாக மாற்றிவிடுங்கள். கடையில் மிஞ்சிக் கிடந்த ஒற்றை டயரை நீட்டினால் பக்கச்சுவரின் நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். ஐந்து வருஷம் குடோனில் இருந்ததை "புதுசு" என்று விற்பார்கள். எடைக் குறியையும் விடாதீர்கள். 92 என்றால் 630 கிலோ, 88 என்றால் 560. கம்பெனி 92 கேட்கும் வண்டிக்கு 88 போட்டு அனுப்பும் கடையில் பேரம் பேசிப் பயனில்லை, வெளியே வந்துவிடுங்கள்.

இன்னும் வீல் வாங்காதவர் என்றால் சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போகும் முன் இரண்டு டயர் கடைக்கு போன் போட்டு, அந்த சைஸில் இன்றைக்கு ஸ்டாக்கில் எத்தனை இருக்கிறது, எந்த வாரத் தயாரிப்பு என்று கேளுங்கள். "ஆர்டர் போட்டா வரும் சார்" என்று இருவருமே சொன்னால், ஒரு இன்ச் சின்ன வீலைப் பாருங்கள். வாங்கியபின் பில்லோடு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டிடம் சொல்லிப் பாலிசியில் ஏற்றிவிடுங்கள். கம்பெனியில் வராத வீலைத் தெரிவிக்காமல் விட்டால், கிளெய்ம் வரும்போது சர்வேயர் அதைக் கணக்கில் எடுக்கமாட்டார்.